புண்ணியக் காசும் லாட்ஜ் நோட்டும்

ஆகஸ்ட் 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிட்டால் செப்டம்பர் 8 வரை ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது. காவி உடுத்தி நடந்தே வருகிறவர்கள், வேன் பேசி வருகிறவர்கள், நாகப்பட்டினம் வழியாக ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் என்று ஊரே தலைகளாகத் தெரியும். அந்த நாட்களில் ஏதாவது ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பேச்சு இவ்வளவுதான்:

“ரூம் இருக்கா தம்பி?”

“எத்தனை பேருண்ணே?”

“பெரியவங்க ரெண்டு, சின்னப் புள்ளைங்க ரெண்டு.”

“ஒருத்தர் ஆதார் மட்டும் குடுங்க, போதும்.”

ஒரு ஆதார் ஜெராக்ஸ் ஆகும். நோட்டில் ஒரு பெயர், ஊர், போன் நம்பர், அட்வான்ஸ் தொகை ஏறும். பிள்ளைகளின் பெயர் ஏறாது, வயது ஏறாது. கூட வந்தவர் அவர்களுக்கு என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் அப்பா அம்மாதான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். சிக்கல் அந்த ‘அநேகமாக’வில் இருக்கிறது.

அதே மேசைக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தால் கதை வேறு. பாஸ்போர்ட், விசா விவரங்களை வாங்கி, 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தில் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். வீட்டு மாடியில் ஒரு அறை விட்டாலும் இது பொருந்தும். தரங்கம்பாடிக்கு டேனிஷ் கோட்டை பார்க்க வந்த பயணி எந்த அறையில் தூங்குகிறார் என்று அரசுக்குத் தெரியும். உள்ளூர்க்காரர் ஒருவரோடு வந்த பத்து வயதுப் பிள்ளை யார் என்று, அந்த அறைக்குச் சாவி கொடுத்தவருக்கே தெரியாது.

சுற்றுலாவில் குழந்தைகள் பாலியல் ரீதியாகச் சுரண்டப்படுகிறார்கள் என்றதும் நம் மனதில் எழும் படமும் அந்த வெளிநாட்டுக்காரர்தான். அந்தப் படத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இதை எதிர்த்து உலக அளவில் இயங்கும் எக்பாட் அமைப்பே, 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்துக்கு வந்த பயணிகளைப் பற்றிய கவலையில் பிறந்ததுதான். நம் நாட்டிலும் கோவா, மும்பை வழக்குகள் அந்தப் படத்தை அழுத்தமாக வரைந்துவிட்டன. ஆனால் அதே எக்பாட் முன்னின்று 2016-இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வு வேறு ஒன்றைச் சொன்னது. இந்தக் குற்றம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் சொந்த நாட்டுக்குள், சொந்த வட்டாரத்துக்குள் பயணிக்கிறவர்கள். பலர் திட்டம் போட்டு வருவதுகூட இல்லை. தெரியாத ஊர், தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, கேட்பாரும் இல்லை. வாய்ப்புக் கிடைத்ததும் செய்துவிடுகிறார்கள்.

இதைக் காவிரிப் படுகைக்குப் பொருத்திப் பாருங்கள். இங்கே சுற்றுலா என்றாலே பெரும்பாலும் யாத்திரைதான். கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகக் கோயில்கள், தஞ்சாவூர்ப் பெரிய கோயில், தாராசுரம், சுவாமிமலை, நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, திருநள்ளாறு. வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள், பக்கத்து மாவட்டத்துக்காரர்கள், அதிகம் போனால் பக்கத்து மாநிலத்துக்காரர்கள். நெற்றியில் விபூதி, கழுத்தில் ஜெபமாலை, கையில் பிரசாதப் பை. சந்தேகப்பட நமக்கு மனசு வராது. நாம் காவல் நிற்பது ஒரு வாசலில், ஆட்கள் வந்து போவது இன்னொரு வாசலில்.

சரி, எந்தப் பிள்ளைகள் இதில் மாட்டுகிறார்கள்? பயணி வந்து இறங்குவதற்கு வெகு முன்பே இந்தக் கதை தொடங்கிவிடுகிறது. டெல்டாவில் ‘கிடை போடுவது’ என்று ஒரு வழக்கம் உண்டு. அறுவடை முடிந்த வயலில் ஆட்டு மந்தையை இரவு தங்க வைத்தால் புழுக்கையே உரம். அந்த மந்தைகளை மேய்க்க, கடனுக்கு ஈடாக விடப்பட்ட சிறுவர்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்தி இங்கே பலமுறை வந்திருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. தென்னை மறுபடி காய்க்கப் பல வருடம் ஆகும். அதுவரை குடும்பம் கடனில்தான் ஓடும். மேட்டூரில் தண்ணீர் தாமதமானால் குறுவை போச்சு. குறுவை போனால் ஆள் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போகிறார், பிள்ளை பாட்டியிடம் தங்குகிறது. இப்படி யாருடைய கண்காணிப்பிலும் இல்லாத பிள்ளை ஒன்று கிளம்பி வந்தால் எங்கே வரும்? கூட்டம் இருக்கிற இடத்துக்கு, சோறு கிடைக்கிற இடத்துக்கு. அன்னதானம் நடக்கிற கோயில் ஊருக்கு.

வந்த பிள்ளைக்கு வேலை கிடைப்பதும் சுலபம். திருவிழாக் கடைகளில் தட்டுக் கழுவ, பலூன் ஊத, பஞ்சுமிட்டாய் சுற்ற, மெழுகுவர்த்திக் கட்டை நீட்டிக் கூவ. டீக்கடை, ஓட்டல், ரிசார்ட் போன்ற இடங்களில் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்க 2006 அக்டோபர் 10 முதலே தடை உண்டு. 2016 திருத்தத்துக்குப் பிறகு அந்த வயதுக்குள் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு உண்டு. இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டுதான் “அக்கா பையன்தான், லீவுல வந்திருக்கான்” என்ற பதில் வருகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் அந்தப் பதினோரு நாட்களும் பள்ளிக்கூடம் நடக்கிற காலம். காலாண்டுத் தேர்வே அதற்கப்புறம்தான். செப்டம்பர் முதல் வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தட்டுக் கழுவுகிற பையனுக்கு என்ன லீவு?

இதே இடத்தில் இன்னொரு தவறுக்கும் வாய்ப்பிருக்கிறது. கோயில் வாசலில் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர் குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்த்ததும் ‘கடத்தி வந்த பிள்ளை’ என்று வாட்ஸ்அப்பில் படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாயின் மடியில் உட்கார்ந்து மணி கோர்க்கிற பிள்ளை வேறு, காலையில் ஒருவன் வேனில் கொண்டு வந்து இறக்கி, இரவு காசை எண்ணி வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை வேறு. முதல் பிள்ளைக்குத் தேவை பள்ளிக்கூடமும் சாதிச் சான்றிதழும். பட்டியல் பழங்குடியில் சேர்க்கவே அந்த மக்கள் 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது பிள்ளைக்குத் தேவை உடனடி மீட்பு. இரண்டையும் குழப்பினால் ஏழையைத் துரத்துவதுதான் மிச்சம்; ஆள் வைத்துக் காசு பார்ப்பவன் அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

இந்தக் காசு விஷயம்தான் யாத்திரை ஊர்களில் மிகச் சிக்கலானது. கடற்கரை உல்லாச ஊரில் பயணி பேரம் பேசுகிறார். கோயில் ஊரில் அவர் தர்மம் செய்கிறார். சனிப்பெயர்ச்சிக்கு வந்தவர் பரிகாரம் முடித்து வெளியே வந்ததும் எதிரில் கை நீட்டும் பிள்ளைக்குக் காசு போடாமல் நகர்வாரா? தோஷம் கழிய வேண்டுமே. பெரியவர் கை நீட்டினால் இரண்டு ரூபாய், கைக்குழந்தையைத் தோளில் போட்டிருக்கும் சிறுமி நீட்டினால் இருபது ரூபாய். இந்த விலை வித்தியாசம் பிச்சைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவனுக்கு நன்றாகத் தெரியும். குழந்தை இரக்கத்தைக் கிளப்புகிறது, இரக்கம் காசாகிறது, காசு அந்தக் குழந்தையை அடுத்த நாளும் அதே இடத்தில் நிறுத்துகிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போனால் வருமானம் நின்றுவிடும்; அதனால் பள்ளிக்கூடம் போகாது. நாம் போடும் புண்ணியக் காசு அந்தப் பிள்ளை தெருவில் நிற்பதற்கான தினக்கூலி. கொடுக்கிற எனக்கும் இது கசப்பாகத்தான் இருக்கிறது. கைக்குழந்தையைப் பார்த்ததும் பாக்கெட்டுக்குப் போகிற கையை நானும் பலமுறை இழுத்துப் பிடித்திருக்கிறேன், சில முறை பிடிக்கவில்லை.

இளைஞர் நீதிச் சட்டம், 2015 இதில் தெளிவாக இருக்கிறது. குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்துகிறவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. பிச்சை எடுக்கும் பிள்ளை சட்டத்தின் பார்வையில் குற்றவாளி அல்ல. ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், பிச்சைக்காகக் குழந்தையைக் கடத்தினால் குறைந்தபட்சமே பத்து ஆண்டு.

இதே புண்ணியத்தின் இன்னொரு வடிவம் குழந்தைகள் இல்லம். பிறந்தநாள், திதி, கல்யாண நாள், கோயிலுக்கு வந்த இடத்தில் ஒரு வேளைச் சாப்பாடு. நல்ல காரியம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சாப்பாடு வந்துவிட்டது; பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பசி. ஆனாலும் தொடவில்லை, ஏனென்றால் போட்டோ இன்னும் முடியவில்லை. கொடுத்தவரின் பெயரைச் சொல்லி ஒரு பிரார்த்தனை. அப்புறம் முதல் பந்தியில் இருக்கும் சின்னவனுக்கு ஊட்டிவிடுவதுபோல் ஒரு படம், அது சரியாக விழவில்லை என்று இன்னொரு தரம். மாலைக்குள் ‘அனாதைக் குழந்தைகளுடன்’ என்ற வரியோடு ஸ்டேட்டஸில் ஏறிவிடும். அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிற பல பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இல்லத்தில் இருக்கும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி எந்தத் தொடர்பு வடிவத்தில் வெளியிட்டாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாம்பார் வாளியோடு படம் எடுத்துக்கொள்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

கூச்சம், மரியாதை என்பதோடு விஷயம் நிற்பதில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், பிள்ளைகளோடு தனியாக நேரம் செலவிடலாம், வெளியே கூட்டிப் போகலாம் என்று இருக்கிற இல்லம் ஆபத்தானது. கோவாவின் மட்காவில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய ஃப்ரெடி பீட்ஸ் 1991-இல் கைதாகும் வரை ஊர் கண்ணுக்குத் தர்மவான். அந்தச் சிறுவர்களையே பாலியல் ரீதியாகச் சுரண்டிய குற்றத்துக்கு 1996-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மும்பையில் ‘ஆங்கரேஜ்’ என்ற பெயரில் தெருக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய வழக்கில் கீழ் நீதிமன்றம் 2006-இல் தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மறுபடி உறுதி செய்தது. சோறு போட்ட கை என்பதுதான் இரண்டு இடத்திலும் கேடயம்.

நாகப்பட்டினத்துக்கு இது நன்றாகவே தெரிந்த பாடம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மாநிலத்திலேயே அதிகம் பேரை இழந்த மாவட்டம் அது. ஆறாயிரத்துக்கும் மேல். பெற்றோரை இழந்த பிள்ளைகளை எடுத்து வளர்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். நல்ல மனசோடு வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் யாரென்று யாருக்குத் தெரியும்? அரசு பிள்ளைகளைத் தன் பொறுப்பில் எடுத்து, நாகையில் அன்னை சத்யா இல்லத்தில் வைத்து வளர்த்தது. அந்தப் பெண் பிள்ளைகளில் சிலரின் கல்யாணச் செய்திகளை நாம் பின்னாளில் பத்திரிகையில் படித்தோம். பேரிடரின் நடுவிலும் ‘பிள்ளையை யாரிடம் கொடுக்கிறோம்’ என்று கேட்க முடிந்திருக்கிறது. திருவிழாவில் கேட்க முடியாதா என்ன?

இல்லத்துக்கு உதவ நினைப்பவர் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் பதிவு இருக்கிறதா? இருந்தால் சான்றிதழை அலுவலக அறையில் காட்டுவார்கள். முறையாக நடக்கும் இல்லத்தில் விருந்தாளியைப் பிள்ளைகளோடு தனியாக விடமாட்டார்கள். “பிள்ளைகளை ஒரு நாள் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேனே” என்றால் முடியாது என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டு நன்கொடையை நிறுத்துகிறவர்கள் உண்டு. கோபம் வரவேண்டியது ‘தாராளமா கூட்டிட்டுப் போங்க’ என்கிற இடத்தில்.

லாட்ஜுக்கு வருவோம். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2010 ஜூலை 1 அன்று பாதுகாப்பான, கண்ணியமான சுற்றுலாவுக்கென்று ஒரு நடத்தை நெறியை ஏற்றது. ஊழியர்களுக்குப் பயிற்சி, பொறுப்பாக ஒருவர், விருந்தினருக்கு அறிவிப்பு என்றெல்லாம் அதில் உண்டு. நட்சத்திர ஓட்டல்களின் கோப்புகளில் அது இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பத்து அறை வைத்திருக்கும் லாட்ஜ் வரை அது இறங்கி வரவில்லை. அவர்களுக்கும் சேர்த்துப் பல்லுள்ள சட்டம் போக்சோதான். 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு எல்லோருக்குமானது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. குழந்தையைச் சுரண்டும் படமோ பொருளோ கண்ணில் பட்டால் தெரிவிக்க வேண்டியவர்கள் பட்டியலில் 20-ஆவது பிரிவு லாட்ஜையும் ஸ்டுடியோவையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

நடைமுறையில் வாயைக் கட்டுவது பயம். தண்டனைக்கான பயத்தைவிட அலைச்சலுக்கான பயம்தான் பெரிது. “போலீசு கோர்ட்டுன்னு யாருண்ணே அலையறது? அவரு நெசமாவே சித்தப்பாவா இருந்துட்டா லாட்ஜ் பேரு என்னாவறது?” என்று கும்பகோணத்தில் ஒரு ரிசப்ஷன் பையன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. பதிலும் சட்டத்திலேயே இருக்கிறது: நல்லெண்ணத்தோடு சொன்ன தகவல் தவறாகப் போனாலும் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. நிரூபிக்க வேண்டியது அவன் வேலை இல்லை. போன் செய்வதுதான் அவன் வேலை.

எந்த நம்பருக்கு? 1098. பத்து, ஒன்பது, எட்டு என்று பிள்ளைகள் சுலபமாக நினைவில் வைக்கும்படி 1996-இல் மும்பையில் தொடங்கிய இலவசத் தொலைபேசிச் சேவை அது. 2023 முதல் அரசே நேரடியாக நடத்துகிறது. 112-க்கு அடித்தாலும் சரிதான். அழைப்புக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பலர் தயங்குகிறார்கள், அதனால் அதையும் சொல்லிவிடலாம். ஆட்கள் வந்து பார்ப்பார்கள். பிள்ளையை அழைத்துப் போனால் 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு விசாரித்து, வீட்டுக்கு அனுப்புவதா இல்லத்தில் வைப்பதா என்று முடிவு செய்யும். குடும்பம் இருந்து வறுமைதான் சிக்கல் என்றால், வீட்டிலேயே வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ மூலம் மாதம் 2,000 ரூபாய். போக்சோ வழக்கானால் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் எஸ்.ஐ. ஒருவர், சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். எல்லா இடத்திலும் இது எழுத்துப்படி நடக்கிறதென்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது என்று தெரிந்தாவது இருக்கட்டும்.

டெல்டாவுக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. நாகூர் தர்காவிலிருந்து கொஞ்ச தூரத்தில் வாஞ்சூர் எல்லை. அதைத் தாண்டினால் காரைக்கால், அதாவது புதுச்சேரி. யாத்திரைக்காரர் காலையில் நாகூர், மதியம் திருநள்ளாறு, இரவு வேளாங்கண்ணி என்று ஒரே நாளில் இரண்டு முறை எல்லை கடக்கிறார். மலிவாகக் கிடைக்கிறதென்று குடிக்கப் போகிற கூட்டமும் அதே சாலையில்தான். இந்தப் பக்கம் ஒரு காவல்துறை, ஒரு குழந்தைகள் நலக் குழு. அந்தப் பக்கம் வேறு. “அது எங்க லிமிட் இல்லை” என்ற பதில் இங்கே சுலபமாக வரும். ஆனால் போக்சோ இரண்டு பக்கமும் ஒன்றுதான், எந்தக் காவல் நிலையத்திலும் எல்லை பார்க்காமல் முதல் தகவல் அறிக்கை பதியலாம். காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை உடனே எஃப்.ஐ.ஆர். ஆக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

பெரிய திருவிழாக்களில் காவல்துறையினர் பிள்ளைகளின் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அருமையான ஏற்பாடு. பெற்றோர் தேடுகிற பிள்ளை அதனால் கிடைத்துவிடும். யாரும் தேடாத பிள்ளையின் கையில் பட்டையும் இருக்காது, ஒலிபெருக்கியில் பெயரும் வராது. அந்தப் பிள்ளை கண்ணில் படக்கூடிய ஆட்கள் எண்ணிச் சில பேர்தான்: ரூம் பையன், ஆட்டோக்காரர், கழிப்பறை வாசலில் காசு வாங்கும் அம்மா, ரயில்வே பிளாட்பாரத்தில் டீ விற்பவர். பயிற்சி என்று ஒன்று கொடுப்பதானால் இவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும், கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் அல்ல.

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-இல். லாட்ஜ்கள் இப்போதிருந்தே மாடி எடுக்கின்றன, வாடகையும் பேசப்படுகிறது. அந்த ரிசப்ஷன் பையனிடம் அப்புறம் ஒருநாள் அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பெயர், ஊர், போன், அட்வான்ஸ், வாகன நம்பர் என்று கோடு போட்டிருந்தான். வலது ஓரம் இரண்டு விரல் அகலம் காலியாக இருந்தது. “இங்க ‘பிள்ளை பேரு, வயசு, என்ன உறவு’ன்னு ஒரு கட்டம் போட்டா இடம் பத்துமா?” என்று கேட்டேன். ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தான். “உறவு மட்டும் சின்னதா எழுதணும்ணே” என்றான்.